எரிகண்ணர் தலைவன் மரியஜோசப்

எங்க வீட்டு மனுசனைப் பாத்துப் பயப்படுறதுக்கு இந்த உலகத்துல ஒரு காரணமும் கிடையாது. கோழியை அறுத்துக் குடுங்கன்னா அதைக் கையில வச்சுக்கிட்டு அது மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிப்பாரு. கடைசியில நான்தான் கத்தியை வாங்கணும். குமுளிக் கடையில அழுகின தக்காளியைக் கட்டிக் குடுத்தாலும் "பரவால்ல அண்ணாச்சி"ன்னு சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டு வருவாரு. இந்த ஆளைக் கண்டா எங்க எஸ்டேட்டுப் புள்ளைங்க இன்னிக்கும் கதவுக்குப் பின்னால ஓடி ஒளியுது. சோறு திங்காத புள்ளைய, "இந்தா எரிகண்ணனைக் கூப்பிடுதேன் பாரு"ன்னு பெத்தவளுவ மெரட்டுதாளுவ. அஞ்சு வருசம் ஆச்சு, ஒரு நாடகத்துல வச்ச பேரு இன்னும் போகல. எனக்கு வாற ஆத்திரத்த எங்க போயிக் கொட்ட?

பேரு மரியஜோசப். ஊரு வள்ளியூருப் பக்கம். பஞ்சத்துல அவங்க அய்யா கம்பத்துலருந்து மலைப்பாதையில நடத்தியே கூட்டிட்டு வந்து இந்த எஸ்டேட்டுல சேத்துவிட்டாரு. ஆளு பனை ஒசரம். எங்க லயத்து வரிசை வீட்டு வாசப்படி எல்லாம் குட்டை ஆளுக்குன்னு கட்டினது, அதுல தெனமும் ஒருக்கா மண்டைய இடிச்சுக்கிட்டு, வாசக்காலைத் தடவிக் குடுத்துட்டு வருவாரு, அதுக்கு வலிச்ச மாதிரி. வேலை பாக்டரி மாடியில. பறிச்ச தேயிலைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுறதும், வாடினதை வாரிக் கீழ எறக்குறதும். பேச்சுன்னா ஒரே பேச்சுதான், "சரி." கங்காணி சொன்னாலும் சரி, யூனியன் சொன்னாலும் சரி, நான் ஏசினாலும் சரி. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எங்கப்பா, "மாப்ளைக்குச் சம்மதமா"ன்னு கேட்டதுக்கு, "அவங்களுக்குச் சரின்னா எனக்கும் சரி"ன்னுட்டு, குடுத்த முறுக்கக் கடிக்கச் சத்தம் வருமேன்னு வாய்க்குள்ளயே ஊற வச்சுக்கிட்டு இருந்தாரு. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

எழுபத்துமூணுல, மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுன ஆடி மாசம், எஸ்டேட்டுல சமரம், ஒருத்தரும் வேலைக்கு எறங்கல. பாக்டரி அடுப்பு அணைஞ்சு கெடந்தது. எங்க லயத்துக் கடைசி வீட்டுச் சூசையப்பனுக்கு அந்த அடுப்பு மூட்டுறதுதான் வேலை, அவனும் எல்லாரோடயும் சேந்து கொடி பிடிச்சவன்தான். அவன் பொண்டாட்டி செபமாலையம்மாளுக்கு அப்ப நெறை மாசம். வலி எடுத்த அன்னிக்குப் புள்ள குறுக்க கெடக்குன்னு மருத்துவச்சி கையை விரிச்சுட்டா. கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். மண்ணு சரிஞ்சு பஸ்ஸும் இல்ல. அந்தச் சகதியில போகக் கூடியது தொரையோட ஜீப்பு ஒண்ணுதான். "ஜீப்பைத் தாரேன், நீ வந்து அடுப்பு மூட்டு"ன்னுட்டான் அந்த மகராசன். சூசையப்பன் போயி மூட்டினான். பாக்டரிக் குழாயில புகை வந்ததை எஸ்டேட்டே நின்னு பாத்தது. மறுநாளே நாலு பேரு வேலைக்கு எறங்கிட்டான். சமரம் பொசுபொசுன்னு போச்சு.

தாயும் புள்ளையும் பொழைச்சு வந்தாங்க. பொம்பளப் புள்ள. ஆனா அவங்க திரும்பி வாரதுக்குள்ள யூனியன் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டுட்டு. கருங்காலி வீட்டோட யாருக்கும் பேச்சு கிடையாது, போக்குவரத்து கிடையாது. நெருப்பு கேட்டா குடுக்கக் கூடாது, உப்பு குடுத்தா வாங்கக் கூடாது. நானும் பேசல. ஏன் பேசலன்னு என்னக் கேக்காதீங்க, லயத்துல இருந்து பாத்தாத்தான் தெரியும். இந்த மனுசன் மட்டும் குழாயடியில சூசையப்பனப் பாத்தா மண்டைய ஆட்டிருவாரு. "ஏங்க, எவனாச்சும் பாத்தான்னா?"ன்னு நான் பதறினா, "வேணும்னு ஆட்டல ஏட்டி, அதுவா ஆடிருது"ம்பாரு. இந்த ஆளை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?

இதுல பெரிய சங்கடம் புள்ளையோட ஞானஸ்நானம். ஞானத்தகப்பனோ ஞானத்தாயோ யாராச்சும் ஒரு ஆளு நிக்காம எங்க கோயில்ல புள்ளைக்குத் தண்ணி ஊத்த மாட்டாங்க. எஸ்டேட்டுல ஒருத்தரும் நிக்கல. செபமாலைக்குக் கூடப் பொறந்த அண்ணன் பக்கத்து எஸ்டேட்டுலதான் இருக்கான், அவனும் யூனியன்காரன், வரல. சாமியார் மலையாளத்துக்காரரு, மாசம் ஒருக்கா குமுளியிலருந்து வருவாரு. "வழியில போறவனைப் பிடிச்சு நிறுத்தக் கூடாது. குட்டி வளர்றதைக் கூட இருந்து காணுற ஆள் வேணும்"னுட்டாரு. அந்தப் புள்ளைக்கோ மாசம் தப்பினாலும் காய்ச்சல் தப்பாது. தலையில தண்ணி விழாமலே ஏதாச்சும் ஆயிட்டா என்ன செய்யன்னு செபமாலை சுவத்தப் பாத்துப் புலம்புறது எங்க வீடு வரைக்கும் கேக்கும். மாசம் ஒருக்கா புள்ளைக்கு வெள்ளைச் சட்டையப் போட்டுக் கோயில் வாசல்ல கொண்டுபோயி நிப்பா. மாசம் ஒருக்கா சட்டையக் கழத்தித் தொவைச்சுக் காயப் போடுவா.

இப்ப நாடகத்துக்கு வாரேன். எங்க எஸ்டேட்டுக் கோயில் சூசையப்பர் கோயில். மே ஒண்ணு எங்களுக்கு ரெண்டு திருநாள். காலையில சூசையப்பருக்குக் கொடி, அடுத்தாப்புல தொழிலாளர் தினத்துக்கு யூனியன் கொடி. பூசை, ஊருக்கே போடுற அசனச் சோறு, சாயங்காலத்துக்குள்ள நாடகம். இருட்டினா யானை எறங்கும், அதனால எல்லாமே பகல்லதான். வருசா வருசம் ஏதாச்சும் ஒரு புனிதரோட கதையப் போடுவாங்க. எழுபத்துநாலுல மட்டும் நான் எழுதுதேன்னு கெளம்பினான் கருத்தப்பாண்டி. எஸ்டேட்டு லாரி ஓட்டுறவன், கமிட்டிச் செயலாளரும் அவன்தான். கம்பத்துக்குத் தேயிலை ஏத்திட்டுப் போயிக் காத்துக் கெடக்கையில எந்தப் பத்திரிகையில என்னத்தப் படிச்சானோ, எந்திர மனுசன் எந்திர மனுசன்னு ஒரே பெனாத்தல்.

கதை இதுதான். ஒரு மொதலாளி கூலியாளுக்குப் பதிலா எந்திர மனுசங்களச் செஞ்சு வேலை வாங்குதான். அந்த எந்திரங்க எல்லாம் ஒரு படையாத் திரண்டு அவனை எதுக்குது. படைக்குள்ளயே ஒரு கூட்டம் உண்டு, அதுக்குப் பேரு எரிகண்ணர். வேத்தாள அதுங்க தொடாது. சொந்தப் படையில எவன் துரோகம் செஞ்சானோ அவனைத் தேடிப் பிடிச்சு, நெஞ்சுல எரியுற விளக்கைப் பிடுங்கி அணைச்சுரும். எரிகண்ணர் நடந்து வார சத்தம் கேட்டாலே மத்த எந்திரமெல்லாம் கிடுகிடுன்னு ஆடும். ஒரு எந்திரம் கோட்டைச் சாவியை மொதலாளிக்கு வித்துருது. எரிகண்ணர் அதைப் பிடிச்சு எல்லாரு முன்னாலயும் அணைக்குறதுதான் கடைசிக் காட்சி. கேட்ட எல்லாருக்கும் யாரை வச்சு எழுதியிருக்கான்னு வெளங்கிட்டு.

எரிகண்ணர் வேசத்துக்குக் கமிட்டி ஆளுங்களே முன்னால வந்து நின்னானுவ. அவனுவளுக்கு அது வேசமா, என்ன? தலைவனுக்கு மட்டும் ஒசரமான ஆளு வேணும்னு கருத்தப்பாண்டி எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னான். நான் அடுப்படியிலருந்து வேண்டாம் வேண்டாம்னு கையை ஆட்டுதேன். இவரு என்ன சொல்லியிருப்பாருன்னு நான் சொல்லணுமா? "சரி."

துரோகி வேசத்துக்குத்தான் ஆளே கிடைக்கல. பெரிய வெள்ளிக்கிழமை நாடகத்துலயே யூதாசு வேசம் கட்டினவன் வீட்டுல அந்த வருசம் கேடு வரும்னு ஒரு பேச்சு உண்டு, எவனும் சிக்க மாட்டான். கருத்தப்பாண்டி நேரே கடைசி வீட்டுக்குப் போனான். எட்டு மாசத்துல அந்த வாசல்ல மிதிச்ச மொத ஆளு அவன்தான். "நீ இந்த வேசத்தக் கட்டு. ஊரு முன்னால அணைஞ்சு விழு. ஊரு மனசு ஆறிட்டா அன்னிக்கே உன் புள்ளைக்கு ஒரு ஞானத்தகப்பனை நானே நிறுத்துதேன். சாமியாரும் அன்னிக்கு இருப்பாரு"ன்னான். சூசையப்பன் ஒத்துக்கிட்டான். பெத்தவன், வேற என்ன செய்வான்?

ஒத்திகை, காலையில ஆளெண்ணுற மஸ்டர் கொட்டகையில ஞாயித்துக்கிழமை நடக்கும். அந்தக் கொடுமைய என்னன்னு சொல்ல! எரிகண்ணர் தலைவன் கர்ஜிக்கணும். இந்த மனுசன் பக்கத்து வீட்டுல சீனி கேக்குற மாதிரி, "துரோகியே, வெளியே வா"ம்பாரு. வீட்டுல வச்சு நான் சொல்லிக் குடுத்தேன். "கத்துங்க, வயித்துலருந்து கத்துங்க." "கத்தினா தொட்டில்ல கெடக்குற புள்ளைங்க முழிச்சுரும் ஏட்டி." சூசையப்பன் நெஞ்சுல துணிக்குள்ள ஒரு டார்ச்சு லைட்ட வச்சுக் கட்டியிருக்கும், அதைப் பிடுங்கி அணைக்கணும். பிடுங்கிட்டு, "குத்திருச்சா தம்பி?"ன்னு கேப்பாரு. கருத்தப்பாண்டி தலையில அடிச்சுக்குவான். அவனை எனக்குப் பிடிக்காது, ஆனா அந்த ஒரு விசயத்துல அவன் பட்ட பாடு எனக்குப் புரிஞ்சது.

அணைக்குறதுக்கு முன்னால தலைவன் கூட்டத்தப் பாத்து மூணு வாட்டி கேக்கணும். "இந்தத் துரோகிக்குப் பொறுப்பேற்க யாராவது உண்டா?" யாரும் பேச மாட்டாங்க. மூணாம் வாட்டியும் பதிலில்லன்னா விளக்கு அணைஞ்சுரும். இது எங்கருந்து எடுத்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க. தடை சொல்லுறவங்க மூணாவது ஓலைக்குள்ள சொல்லிரணும். சொன்னா அது நிக்கும், சொல்லாம விட்டா அப்புறம் வாயத் தொறக்க உரிமை இல்ல. எங்க சனத்துக்கு மூணாவது கேள்வின்னா அதுக்கு மேல அப்பீல் கிடையாது. அதே மாதிரி வச்சாத்தான் ஊரு கப்சிப்புன்னு இருக்கும்னு கருத்தப்பாண்டி கணக்குப் போட்டான்.

திருநாளும் வந்தது. பூசை முடிஞ்சது, கொடி ரெண்டும் ஏறிச்சு. அசனச் சோத்துப் பந்தி நடந்துக்கிட்டிருக்கையிலயே வேசக்காரங்களுக்குத் தகரம் மாட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஒடம்புக்குத் தேயிலைப் பெட்டிக்குள்ள ஒட்டுற வெள்ளித்தாளு. கைக்கும் நெஞ்சுக்கும் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி மடக்கினது. தலைக்கு முழு டின்னு, கண்ணு இருக்குற எடத்துல ஓட்டை போட்டுச் செவப்புக் கண்ணாடித்தாளு. எங்க வீட்டு மண்டைக்கு அந்த டின்னு பத்தல. ரெண்டு பேரு சேந்து மேலருந்து தட்டி எறக்கினானுவ. இது எப்படிக் கழலும்னு நான் கேட்டேன். நாடகம் முடியட்டும் அக்கான்னு சிரிக்கானுவ. நாசமாப் போறவனுவ.

பந்தியில எச்சி இலைய எடுத்துக்கிட்டு இருக்கேன், டங்கு டங்குன்னு சத்தம். திரும்பினா இவரு நிக்காரு, செவப்புக் கண்ணும் தகர மண்டையுமா. கையில இருந்த இலைய அப்படியே கீழ போட்டுட்டேன்.

"ஏட்டி, கருத்தப்பாண்டி ஏமாத்துதான்."

"என்னத்த?"

"தகரத்துக்குள்ள ஆளு இருக்குறதையே மறந்துட்டுப் பக்கத்துல நின்னு பேசுதான். சூசையப்பன் புள்ளைக்கு ஆளு நிறுத்தப் போறதில்லயாம். நாடகம் முடியட்டும், அடுத்த வருசம் பாப்போம்னு சொல்லி அனுப்பிருவோம்னு சொல்லிச் சிரிக்கான்."

எனக்கும் அவன் மேல ஆத்திரம்தான். ஆனா நான் என்ன சொன்னேன்? "இந்தா பாருங்க, நமக்கு எதுக்கு வம்பு? நாம இந்த லயத்துலதான் குடியிருக்கணும். வாயை மூடிக்கிட்டு, சொல்லிக் குடுத்ததச் சொல்லிட்டு எறங்கி வாங்க." தகரம் மேலயும் கீழயும் ஆடிச்சு. "சரி"ன்னாரு. நானும் நம்பினேன். வாழ்நாள் பூரா சரி சரின்னே சொன்ன ஆளு, அன்னிக்கு மட்டும் மாத்திச் செய்வாருன்னு நான் கனவா கண்டேன்?

நாடகம் நல்லாத்தான் போச்சு. மொத வரிசையில நாக்காலி போட்டுச் சாமியாரு இருக்காரு. கூட்டத்துக்கு வெளிய ஒரு மரத்தடியில செபமாலை, புள்ளைக்கு அதே வெள்ளைச் சட்டை. எரிகண்ணர் டங்கு டங்குன்னு ஏறி வரவும் புள்ளைங்க எல்லாம் வீல்னு கத்துது. சூசையப்பனைப் பிடிச்சு நடுவுல முட்டி போட வச்சாங்க. அவ்வளவுதான், கூட்டத்துக்கு நாடகமெல்லாம் மறந்து போச்சு. "கருங்காலி! கருங்காலி!"ன்னு கூச்சல். எவனோ ஒருத்தன் மண்ணை அள்ளி எறிஞ்சான். அது சூசையப்பன் மூஞ்சியில விழுந்துச்சு. அவன் தொடைக்கல. தலையக் குனிஞ்சுக்கிட்டு, மரத்தடிப் பக்கமாவே பாத்துக்கிட்டு இருந்தான்.

"இந்தத் துரோகிக்குப் பொறுப்பேற்க யாராவது உண்டா?" மொத வாட்டி. ஒருத்தரும் மூச்சு விடல. ரெண்டாம் வாட்டி. மூணாம் வாட்டியும் கேட்டாரு. இப்ப கையை நீட்டி டார்ச்சைப் பிடுங்கணும். கை போகல. மறந்துட்டாரா, சனியன், மறந்துட்டாரான்னு நான் கீழருந்து கையக் கையக் காட்டுதேன்.

"நான் நிக்கேன்"ன்னாரு. "இவன் புள்ளைக்கு ஞானத்தகப்பனா நான் நிக்கேன்."

எத்தன ஒத்திகையில கத்துங்க கத்துங்கன்னேன்! அப்ப வராத சத்தம் அன்னிக்கு அந்த டின்னுக்குள்ளருந்து மலையில மோதித் திரும்பி வருது.

கருத்தப்பாண்டி மேடையில பாஞ்சான். "இது நாடகம்! நாடகத்துல சொன்னது செல்லாது!" எரிகண்ணன் ஒருத்தன் தகரக் கையால இவரு தோளப் பிடிச்சு இழுக்கான். அப்பத்தான் கூட்டத்துல ஒரு பொம்பளக் குரலு, யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. "அது எப்படிச் செல்லாது? மூணாவது வாட்டி கேக்கையில சொல்லியிருக்காரு. சாமியாரு முன்னால சொல்லியிருக்காரு." "ஆமா, மூணாவதுல சொன்னா நிக்கும்"னு இன்னொரு குரலு. மண்ணை எறிஞ்ச சனம்தான், அதே வாயி. நாடகம் வேற ஓலை வேறன்னு கருத்தப்பாண்டி தொண்ட கிழியக் கத்துதான், ஒருத்தரும் கேக்கல. அவன் எழுதின கேள்வி அவனையே கட்டிப் போட்டுட்டு.

சாமியாரு எந்திரிச்சாரு. வாச்சைப் பாத்தாரு, மஞ்சு எறங்குறதுக்குள்ள அவரு ஜீப்புக்குப் போகணும். "ஒரு ஆளு மதி, போதும். குட்டியைக் கொண்டு வா"ன்னாரு.

கோயில் வாசல்ல தண்ணித் தொட்டிகிட்ட எல்லாரும் கூடிட்டாங்க. டின்னைக் கழத்தப் பாத்தாங்க, கழலல. காதைப் பிய்ச்சுரும் போல இருக்குன்னு உள்ளருந்து மொனங்குறாரு. சாமியாரு பொறுத்துப் பாத்துட்டு, "மதி மதி, இப்படியே நிக்கட்டே, குட்டியை வாங்கு"ன்னாரு. இவரு ரெண்டு கையையும் தூக்கிப் பாத்தாரு. கை பூரா வெட்டின தகரம், ஓரமெல்லாம் பிளேடு. பச்சப் புள்ளைய எப்படி வாங்க? அந்தச் செவப்புக் கண்ணு கூட்டத்துக்குள்ள என்னத் தேடுது.

"ஏட்டி இருதயம், நீ வாங்கு."

மாதாவே! மாட்டி விட்டுட்டாரே! கூட்டம் பூரா என்னத் திரும்பிப் பாக்குது. கருத்தப்பாண்டி எனக்கு மட்டும் கேக்குற மாதிரிச் சொல்லுதான், "யோசிச்சுக்கோங்க அக்கா. வாங்கினீங்கன்னா நாளையிலருந்து உங்க வீடும் கடைசி வீடு மாதிரித்தான்." பொய் சொல்லல அவன். அப்புறம் ஒரு வருசம் எங்களோடயும் யாரும் பேசல, அது தனிப் பஞ்சாயத்து. ஆனா அந்த நேரத்துல எனக்கு வந்த கோவம் இருக்கே, அது இவரு மேலயா, அவன் மேலயா, எதுன்னு தெரியல. "நீ லாரியப் பாத்து ஓட்டுல, எங்க வீட்ட ஓட்ட வராத"ன்னுட்டு, எச்சி இலை எடுத்த கையைச் சேலையில தொடைச்சுக்கிட்டுப் போனேன். போயிருக்க மாட்டேன்னு நெனைக்கீங்களா? அந்த ஆளு அங்கன தகரத்துல மாட்டிக்கிட்டு நிக்காரே!

செபமாலை புள்ளைய நீட்டினா. நானும் ரெண்டு கையை நீட்டி, "வாட்டி, என் ராசாத்தி"ன்னேன். எங்க லயத்துல பத்து மாசப் புள்ளைன்னா யாரு கையை நீட்டினாலும் தாவிரும். பெத்தவ கொழுந்தெடுக்கப் போயிருவா, விடிஞ்சா இந்த வீட்டு இடுப்பு, மத்தியானம் அந்த வீட்டு இடுப்புன்னுதான் எங்க புள்ளைங்க வளருறது. இது தாவல. மூஞ்சியத் திருப்பல, அழவும் இல்ல. நீட்டின என் கை ரெண்டையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு இருந்தது. வேத்தாளு கையை நீட்டினா வரச் சொல்லுதாங்கன்னு அதுக்குத் தெரியல.